பெர்லின் பில்ஹார்மோனிக்: தலைமை நடத்துநர் ஊரில் இல்லாத வாரங்களில் என்ன நடக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது மேலுக்கு ஒரு கேள்வி, உள்ளுக்கு இன்னொன்று. மேலே தெரிவது இது: வேலை மாற்றலாகி பெர்லின் வந்திருக்கிறீர்கள், பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் சீசன் புத்தகத்தைப் புரட்டினால் தலைமை நடத்துநர் கிரில் பெட்ரென்கோவின் பெயர் பாதிக் கச்சேரிகளில்கூட இல்லை, வாரத்துக்கு ஒருவர் வந்து நடத்திவிட்டுப் போகிறார், அப்படியானால் தலைமை நடத்துநர் என்று ஒருவர் எதற்கு? உள்ளே இருப்பது இது: தேர்ந்த வாத்தியக்காரர்கள் நூறு பேருக்கு முன்னால் குச்சியை ஆட்டுகிறவரால் நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா, டிக்கெட் வாங்கும்போது அந்தப் பெயரைப் பார்த்து வாங்க வேண்டுமா? இரண்டுக்கும் விடை வேறு வேறு. ஆனால் முதலாவதைப் பேசி முடிக்காமல் இரண்டாவது பிடிபடாது.

பேசுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வயலின் தொடங்கி, பிறகு அதைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த தொனியுள்ள வயோலாவுக்கு மாறி, ஜெர்மனியில் ஓர் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் பல சீசன்களாக உட்கார்ந்திருக்கிறேன். பெர்லின் பில்ஹார்மோனிக்கில் வாசித்ததில்லை. அந்த அரங்கில் நான் டிக்கெட் வாங்கும் ரசிகன் மட்டுமே. ஒத்திகை எப்படி நடக்கும் என்பதை என் தொழிலிலிருந்து சொல்கிறேன். பெர்லினைப் பற்றிச் சொல்வது ஊரறிந்த வரலாறு. என் அபிப்பிராயம் வரும் இடத்தில் அபிப்பிராயம் என்றே சொல்லிவிடுகிறேன்.

சீசன் என்றதும் நமக்கு மார்கழிதான் நினைவுக்கு வரும்: பல சபா, பல வித்வான்கள், ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே ஒரே ஆர்க்கெஸ்ட்ரா, ஒரே அரங்கம், ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை பத்து மாதம். தொடக்கக் கச்சேரி பெரும்பாலும் தலைமை நடத்துநருடையது. அதே நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு சால்ஸ்பர்க், லூசர்ன், லண்டனின் ‘ப்ராம்ஸ்’ என்று இசை விழாக்களுக்கு ஒரு சுற்றுப் போய் வருவார்கள். திரும்பியதும் வாரச் சக்கரம் ஆரம்பிக்கும். வாரத் தொடக்கத்தில் ஒத்திகை, பிறகு ஒரே நிகழ்ச்சி பெரும்பாலும் மூன்று இரவு, அடுத்த வாரம் வேறு நடத்துநர், வேறு படைப்பு. நடுவே சில நிலையான நாட்கள் உண்டு. டிசம்பர் 31 சில்வெஸ்டர் கச்சேரி. ஈஸ்டரில் ஓர் ஓபராவோடு திருவிழா. 1967-ல் அப்போதைய தலைமை நடத்துநர் காரயான் சால்ஸ்பர்க்கில் தொடங்கியது, 2013-ல் பாடன்-பாடனுக்குப் போனது, 2026-ல் மறுபடி சால்ஸ்பர்க். ஆர்க்கெஸ்ட்ராவின் பிறந்த நாளான மே 1 அன்று, 1991 முதல், ஐரோப்பாவின் ஏதாவது ஓர் ஊரில் கச்சேரி. கடைசியாக ஜூனில் வால்ட்பூனே என்ற திறந்தவெளி அரங்கில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடும் கச்சேரி; முடிவில் பெர்லின்காரர்களின் செல்லப் பாட்டான ‘பெர்லினர் லுஃப்ட்’ வாசிக்க, கூட்டம் மொத்தமும் விசிலடிக்கும். இந்த நிலையான நாட்களைக்கூடத் தலைமை நடத்துநர் தனக்கே வைத்துக்கொள்வதில்லை. மே 1 கச்சேரியை 2023-ல் பார்சிலோனாவின் சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தில் பெட்ரென்கோ நடத்தினார். 2024-ல் ஜார்ஜியாவில் டேனியல் ஹார்டிங், 2025-ல் இத்தாலியின் பாரியில் ரிக்கார்டோ மூட்டி.

இனி ஒரு வாரம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நடத்துநர் வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். நோட்டு நூலகர் ஒவ்வொரு பகுதிக்குமான நோட்டுகளை, அதாவது சுரங்கள் அச்சிட்ட தாள்களை, எடுத்து வைத்திருப்பார். எந்தச் சுரத்துக்கு வில் மேலே போக வேண்டும், எதற்குக் கீழே வர வேண்டும் என்பதை முதல் வயலின்களின் தலைவரான கான்சர்ட்மாஸ்டர் பென்சிலால் குறித்திருப்பார். மற்றத் தந்திப் பகுதிகளின் தலைவர்கள் அதைத் தங்கள் நோட்டுகளுக்கு மாற்றியிருப்பார்கள். நாங்கள் வீட்டில் வாசித்துவிட்டு வருவோம். ஆகவே முதல் ஒத்திகையில் யாரும் பாடம் கற்பதில்லை. முழுப் படைப்பையும் நிறுத்தாமல் ஒருமுறை வாசிக்கச் சொல்லும் நடத்துநர்கள் உண்டு. முதல் நான்கு தாள அளவுகளிலேயே (பார்) அரைமணி நேரம் உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. மூன்று நாளில் நான்கு அல்லது ஐந்து ஒத்திகை, கச்சேரி நாள் காலையில் கடைசி ஒத்திகை. அவ்வளவுதான் கிடைக்கும் நேரம். அதற்குள் ஒரு மணி நேரம் நீளும் மாலர் சிம்பொனியையும், தனி வாத்தியக்காரர் ஒருவர் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் ஒரு கான்சர்ட்டோவையும், சில சமயம் யாருமே கேட்டிராத ஒரு புதுப் படைப்பையும் நிமிர்த்தியாக வேண்டும். இந்த நேரக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், வாராவாரம் வரும் நடத்துநர் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

எதை மாற்ற முடியும் என்பதற்கு என் வாத்தியத்திலிருந்தே ஓர் இடத்தைக் காட்டுகிறேன். பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி, இரண்டாவது பகுதி. 1813 டிசம்பர் 8 அன்று வியன்னாவில் முதன்முதல் வாசித்தபோதே ரசிகர்கள் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்ட பகுதி அது. காற்று வாத்தியங்கள் ஒரு நீண்ட சோகமான ஒலியைப் பிடித்து விட்டதும், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் மூன்றும் மட்டும் மெல்லத் தொடங்கும்: ஒரு நீளம், இரண்டு குறுகல், மறுபடி இரண்டு நீளம். மேலே வயலின்கள் இன்னும் வரவில்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை. அந்த இரண்டு குறுகிய சுரங்களை வில் தந்தியை விட்டு எழும்படி வாசிப்பதா, தந்தியிலேயே ஒட்டி நிறுத்துவதா? கடைசி இரண்டு நீளங்களுக்கு நடுவே மூச்சு விடுவதா, ஒன்றோடொன்று சேர்ப்பதா? பீத்தோவன் பிறகு குறித்துக் கொடுத்த மெட்ரோனோம் (வேகம் காட்டும் கருவி) எண் நிமிடத்துக்கு 76 அடி. அது நடைபோடும் வேகம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பெரிய நடத்துநர்கள் பலர் அதைச் சவ ஊர்வல வேகத்துக்கு இழுத்திருக்கிறார்கள். நான் வாசித்த நடத்துநர்களில் ஒருவர் இந்த இடத்தில் கையையே அசைக்க மாட்டார், புருவத்தை மட்டும் தூக்குவார். நாங்கள் பத்துப் பேரும் பயத்தில் ஒருவரை ஒருவர் கேட்டு வாசித்தோம், அதனாலேயே அது நன்றாக வந்தது. இன்னொருவர் வில்லின் நுனியிலிருந்து இரண்டு அங்குலத்தை மட்டும் உபயோகிக்கச் சொன்னார். சத்தம் சட்டென்று பாதியானது. சொன்னது ஒரே வாக்கியம். மேசைக்கு இருவராக உட்கார்ந்திருக்கும் எங்களில் உள்பக்கத்தில் இருப்பவர் பென்சிலை எடுத்து நோட்டில் எழுதினார், அத்தோடு முடிந்தது. ஆர்க்கெஸ்ட்ரா அதுவேதான், நோட்டும் அதுவேதான். முன்வரிசை ரசிகருக்கும் கடைசி வரிசை ரசிகருக்கும் வித்தியாசம் கேட்டிருக்கும்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு நிச்சயமான பகுதி இது: வேகம், வேகம் மாறும் இடங்கள், எந்த வாத்தியம் மேலே தெரிய வேண்டும் எது அடங்க வேண்டும், சுரத்தின் தொடக்கம் எவ்வளவு கூர்மை, மெல்லிய இடம் எவ்வளவு மெல்லியது. இவையெல்லாம் அன்றிரவு மேடையில் நிற்பவர் கையில் இருக்கிறது. நம் கச்சேரியில் மிருதங்கக்காரரும் பாடகரும் கண்ணாலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நூறு பேர் உட்கார்ந்த மேடையில் நடக்காது. டிராம்போன்காரருக்கும் முதல் வயலினுக்கும் நடுவே உள்ள தூரத்தில் காதை நம்பினால் ஒலி தாமதமாகத்தான் வந்து சேரும். கண்ணைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கண்ணுக்கு ஒரு மையம் தேவை.

நடத்துநரால் ஒரு வாரத்தில் மாற்ற முடியாததும் நிறைய. நாதஸ்வரம் போல நாணல் சீவாளி வைத்து ஊதும் ஓபோவை வாசிப்பவரின் தொனியை அவர் மாற்ற முடியாது. ரசிகர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: பெர்லினில் முதன்மைக் காற்று வாத்திய இடங்களுக்கு இரண்டிரண்டு பேர் இருப்பார்கள், வாரம் மாற்றி வாரம் உட்காருவார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஓபோ வாசிக்கும் ஆல்பிரெக்ட் மாயர் உட்கார்ந்த வாரமும் அவர் இல்லாத வாரமும் ஒரே படைப்பு வேறு நிறத்தில் கேட்கும். புல்லாங்குழலில் இமானுவேல் பஹூதும் அப்படியே. நடத்துநர் எவ்வளவு அழகாகப் பாட வைத்தார் என்று இடைவேளையில் பேசிக்கொள்வார்கள். பாதி நேரம் அந்தப் பாராட்டு போய்ச் சேர வேண்டியது ஓபோக்காரருக்கு. பின்வரிசையில் இருப்பவனுக்கு இந்த வயிற்றெரிச்சல் கொஞ்சம் உண்டு, மன்னியுங்கள்.

இப்போது முதல் கேள்வி. வாராவாரம் ஒருவர் வந்து இத்தனையும் செய்ய முடியுமென்றால் தலைமை எதற்கு? பெர்லினில் இதைக் கேட்பதற்குத் தனி அர்த்தம் உண்டு, ஏனென்றால் அந்த ஆர்க்கெஸ்ட்ரா பிறந்ததே தலைமையை எதிர்த்துத்தான். 1882-ல் பெஞ்சமின் பில்ஸே என்பவரின் குழுவில் வாசித்த 54 பேர், வார்சா கச்சேரிக்கு நாலாம் வகுப்பு ரயில் பெட்டியில் கூட்டிப்போகப் பார்த்தார் என்று முறைத்துக்கொண்டு வெளியேறித் தாங்களே ஒரு குழுவை அமைத்தார்கள். இன்றுவரை தலைமை நடத்துநரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள்தான். புதிதாகச் சேருகிறவர் நிலைப்பாரா என்பதையும் தகுதிகாண் காலத்துக்குப் பிறகு அவர்களே ஓட்டில் தீர்மானிக்கிறார்கள். வாழ்நாள் ஒப்பந்தத்தோடு 1955 முதல் கோலோச்சிய காரயானுக்கே இது உறைத்தது. கிளாரினெட் கலைஞர் சபீனே மாயரைச் சேர்க்க அவர் விரும்பினார். ஆர்க்கெஸ்ட்ரா 73-க்கு 4 என்று மறுத்தது. அவர் பிடிவாதமாகச் சோதனை ஒப்பந்தம் போட்டார், உறவு முறிந்தது, மாயர் 1984-ல் தாமாகவே விலகினார். மாயரின் தொனி மற்றவர்களோடு கலக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பெண் என்பதால்தான் என்று அன்றே பலர் சொன்னார்கள். 1982-ல்தான் மாடலின் கருஸோ என்ற வயலின் கலைஞர் முதல் பெண் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார் என்பதையும், ஒரு பெண் அங்கே கான்சர்ட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார 2023 ஆயிற்று என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது உண்மையான காரணம் என்பதில் அங்கே வாசித்தவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இருந்ததில்லை.

இவ்வளவு அதிகாரம் ஆர்க்கெஸ்ட்ராவிடம் இருக்கும்போதும் தலைமை நடத்துநருக்கு மிஞ்சுவது, என் பார்வையில், மூன்று: எதை வாசிப்பது, எப்படி வாசிக்கப் பழகுவது, ஊரோடு என்ன உறவு. மூன்றுமே ஒரு வாரத்தில் தெரியாது, ஒரு சீசனில் கொஞ்சம் தெரியும், ஐந்தாறு சீசனில் யாருக்கும் தெரியும். ஒவ்வொரு தலைமுறையிலும் இதில் ஒன்று தூக்கலாக இருந்திருக்கிறது. 1887-ல் வந்த ஹான்ஸ் ஃபான் பியூலோ பழக்கத்தை மாற்றினார். முன்பு மைனிங்கன் என்ற சின்ன ஊரின் அரசவை ஆர்க்கெஸ்ட்ராவில் தந்திகளைத் தனியாகவும் காற்று வாத்தியங்களைத் தனியாகவும் உட்கார வைத்து ஒத்திகை பார்த்துப் பேர் வாங்கியவர் அவர், அந்தக் கட்டுப்பாட்டைப் பெர்லினுக்குக் கொண்டு வந்தார். காரயானுக்குப் பின் வந்த கிளௌடியோ அப்பாடோ சீசனின் வடிவத்தையே மாற்றினார். 1989 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், ஹோல்டர்லின், ஃபாவுஸ்ட், ஷேக்ஸ்பியர் என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஒரு சீசனின் பல நிகழ்ச்சிகளை அதைச் சுற்றி அமைத்தார். அதே பொருளில் ஊரில் நாடகமும் திரைப்படமும் வாசிப்பும் சேர்ந்து நடந்தன. ஒரு கச்சேரிக்கு மட்டும் போனவருக்கு அது ஒரு கச்சேரி, அவ்வளவுதான். சீசன் முழுக்கப் போனவருக்கு அது ஒரே நீண்ட உரையாடல். அப்பாடோவுக்குப் பின் வந்த சைமன் ராட்டில் ஊரோடு உறவை மாற்றினார். தாம் பதவியேற்குமுன் ஆர்க்கெஸ்ட்ரா தன்னாட்சி அறக்கட்டளையாக மாற வேண்டும், சம்பளம் உயர வேண்டும் என்று நின்று 2002-ல் அதை நடத்திக் காட்டினார். 2003 ஜனவரியில் பெர்லின் பள்ளிகளிலிருந்து 250 பிள்ளைகளை அழைத்து வந்து, ஆர்க்கெஸ்ட்ரா ஸ்ட்ராவின்ஸ்கி வாசிக்க, பழைய பஸ் டெப்போ ஒன்றில் ஆட வைத்தார். வீட்டில் இந்த இசையின் வாசனையே அறியாத பிள்ளைகள் அவர்களில் நிறையப் பேர். இதற்கு முன் பர்மிங்ஹாமில் 1980 முதல் 18 ஆண்டு இருந்து ஒரு நகர ஆர்க்கெஸ்ட்ராவை உலக வரிசைக்கு உயர்த்தியவர் அவர். 1991-ல் அந்த ஊர் புது அரங்கமே கட்டிக்கொண்டது. அந்த மாதிரிக் காரியம் மூன்று நாள் ஒத்திகைக்கு வந்து போகிறவரால் ஆகாது.

பெட்ரென்கோவிடம் தூக்கலாக இருப்பது முதல் இரண்டும். 1972-ல் ஓம்ஸ்கில் பிறந்து, 18 வயதில் குடும்பத்தோடு ஆஸ்திரியாவுக்கு வந்தவர். அவரும் மைனிங்கன் வழியாக வந்தவர் என்பது ஒரு வேடிக்கையான தற்செயல். 2001-ல் அங்கே வாக்னரின் நான்கு ‘ரிங்’ ஓபராக்களையும் அடுத்தடுத்த நான்கு நாளில் நடத்தினார். 2015 மே மாதம் பெர்லின் உறுப்பினர்கள் டாலெம் பகுதியில் ஒரு தேவாலயத்தில் 11 மணி நேரம் உட்கார்ந்தும் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாமல் கலைந்தார்கள். ஜூன் 21-ல் மறுபடி கூடி பெட்ரென்கோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை அவர் அங்கே நடத்தியிருந்தது மூன்றே நிகழ்ச்சிகள், 2014-ல் ஒன்றை உடல்நலக் குறைவால் ரத்து செய்திருந்தார். பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பது மிக அரிது. மூன்றே வாரப் பழக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்காரர்கள் ஒருவரை இப்படி நம்பினார்கள் என்றால், அது மேடையில் தெரிந்ததால் மட்டும் இருக்காது, ஒத்திகையில் கண்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஓட்டு ரகசியம், காரணம் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

அவர் தேர்ந்தெடுக்கும் படைப்புகளைச் சீசன் சீசனாகக் கோத்துப் பார்த்தால் ஒரு வரி தெரியும். 2018 ஏப்ரலில் ஃப்ரான்ஸ் ஷ்மிட்டின் நான்காம் சிம்பொனி. பல ஆர்க்கெஸ்ட்ராக்கள் பக்கமே போகாத படைப்பு. 2020 ஜனவரியில் யோசெஃப் சுக்கின் ‘அஸ்ரேல்’. தம் குருவும் மாமனாருமான த்வோர்ஷாக் இறந்து, அடுத்த ஆண்டே மனைவியும் இறந்த துக்கத்தில் சுக் எழுதியது. பிறகு சைகோவ்ஸ்கியின் ‘மசெப்பா’ போல அரிதாகக் கேட்கும் ஓபராக்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஷோஸ்டகோவிச். 2020 அக்டோபர் 31, ஊரடங்குக்கு முந்தைய கடைசிக் கச்சேரியில், ஷோஸ்டகோவிச்சின் ஒன்பதாம் சிம்பொனி முடிந்த பிறகு ஜான் கேஜின் ‘4'33"’ என்ற, ஒரு சுரமும் வாசிக்காத படைப்பை நடத்தினார், ஆர்க்கெஸ்ட்ரா அசையாமல் உட்கார்ந்திருக்க, அவர் கையை மெல்ல அசைத்துக்கொண்டு நின்றார். இரண்டு வாரம் கழித்து ஆளில்லாத அரங்கில் எட்டாம் சிம்பொனி. இவற்றையெல்லாம் விருந்தாளியாக வருகிற ஒருவர் கேட்டால் நிர்வாகம் டிக்கெட் விற்பனையைப் பார்த்துத் தயங்கும். சுக்கின் பெயரைக் கேட்டு யாரும் வரிசையில் நிற்பதில்லை. தலைமை நடத்துநர் பிடித்து நின்றால் நடக்கும், மூன்றாவது சீசனில் ரசிகரே தேடி வருவார்.

பழக்கம் என்று சொன்னதற்கு ஒரு விளக்கம் தேவை. அவர் ஊரை விட்டுப் போன பிறகும் நூலகத்தில் நோட்டுகள் இருக்கின்றன, அவற்றில் பென்சில் குறிகள் இருக்கின்றன. வேறு நடத்துநர் அதே பிராம்ஸை எடுத்தால், அழித்துவிடச் சொல்லாத வரை நாங்கள் அதன்படியே தொடங்குவோம். கார்லோஸ் க்ளைபர் போன்ற நடத்துநர்கள் தங்கள் சொந்த நோட்டுகளையே பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் இதுதான்: முந்தையவரின் பழக்கத்தோடு சண்டை போட மூன்று நாள் போதாது என்று அவருக்குத் தெரியும். மெல்லிய ஒலி என்றால் எவ்வளவு மெல்லியது என்பதும் இப்படித்தான், எழுதப்படாமலே தங்கிவிடும்.

சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். ‘காரயான் ஒலி’, அவருக்கு முன் தலைமை நடத்துநராக இருந்தவர் பெயரில் ‘ஃபுர்ட்வெங்லர் ஒலி’ என்று பேசுவதில் எவ்வளவு நிஜம்? பெர்லினில் டிம்பானி என்ற பெரிய முரசு வாசித்த வெர்னர் தேரிஷன் சொன்ன ஒரு சம்பவம் இசைக்காரர்களிடையே பிரபலம். வேறு யாரோ ஒருவர் நடத்திய ஒத்திகையில் இவர் எல்லா வாத்தியங்களின் நோட்டும் சேர்ந்த ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். திடீரென்று ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலியே மாறிவிட்டது, நிமிர்ந்து பார்த்தால் ஃபுர்ட்வெங்லர் வாசலில் வந்து நிற்கிறார். அழகான கதை, நான் நம்ப ஆசைப்படும் கதை. ஆனால் ஒருவரின் நினைவு, பல ஆண்டு கழித்துச் சொன்னது. தலைமை ஆசாமி கதவருகே வந்தால் எந்த ஆர்க்கெஸ்ட்ராவும் நிமிர்ந்து உட்காரும், வில்லை முழுசாக இழுக்கும். அது மாயமா, வேலை பயமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய ஒலிப்பதிவுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் கஷ்டம். அரங்கம் மாறியிருக்கிறது, மைக் மாறியிருக்கிறது, 1963 அக்டோபரில் திறந்த இன்றைய அரங்கில் ஃபுர்ட்வெங்லர் நடத்தியதே இல்லை. அவர் 1954-லேயே இறந்துவிட்டார்.

தலைமை கட்டாயம் தேவை என்று நான் சாதிக்கவும் முடியாது, எதிர்ச்சாட்சி பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. வியன்னா பில்ஹார்மோனிக் 1933 முதல் நிரந்தர நடத்துநரே இல்லாமல், வருகிறவர்களை வைத்தே சந்தா கச்சேரிகளை நடத்துகிறது, தரம் குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் வியன்னா அரசு ஓபராவின் ஆர்க்கெஸ்ட்ராவிலிருந்து வருகிறவர்கள், இரவுக்கு இரவு அங்கே சேர்ந்தே வாசிக்கிறார்கள். பழக்கத்தை உண்டாக்கும் வேலையை ஓபரா செய்துவிடுகிறது. பெர்லினும் 2018 முதல் 2019 வரை ஒரு முழு சீசன் தலைமை இல்லாமல் ஓட்டியது. ஒரு சீசன் தாங்கும். பத்துத் தாங்குமா என்றால் தாங்காது என்று என் தொழில் அனுபவம் சொல்கிறது: என் ஊரில் தலைமை காலியாக இருந்த நாட்களில் நாங்கள் மோசமாக வாசிக்கவில்லை, ஆனால் எதையும் புதிதாக வாசிக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குக் கைவந்ததையே கொண்டுவந்தார்கள், அந்தக் காலம் முழுக்க பிராம்ஸும் சைகோவ்ஸ்கியும்தான்.

டிக்கெட்டுக்கு வருவோம். ‘தலைமை நடத்துநர்’ என்ற பட்டத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எந்த நடத்துநர், எந்தப் படைப்பு என்று சேர்த்துப் பாருங்கள். பெட்ரென்கோ நடத்துவதில், நீங்கள் கேள்விப்படாத பெயர் எழுதிய நிகழ்ச்சியை எடுங்கள். அங்கேதான் அவர் அந்த வாரத்தையே பணயம் வைத்திருப்பார், இடமும் சுலபமாகக் கிடைக்கும். விருந்தாளிகளில் பல சீசன்களாக மறுபடி மறுபடி அழைக்கப்படுகிறவர் யார் என்று பாருங்கள்; அது ஆர்க்கெஸ்ட்ரா தரும் நற்சான்று. 1927-ல் பிறந்த ஹெர்பர்ட் ப்ளூம்ஸ்டெட் 90 வயதைத் தாண்டியும் அந்த மேடைக்கு அழைக்கப்பட்டவர். அப்படி ஒரு பெயரைப் பார்த்தால் யோசிக்காதீர்கள். போகுமுன் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். 2008 இறுதியில் தொடங்கிய அவர்களுடைய டிஜிட்டல் கான்சர்ட் ஹாலில் பழைய கச்சேரிகள் காணொளியாக இருக்கின்றன. நான் சொன்ன ஏழாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை ராட்டில் நடத்தியதில் ஒருமுறை, பெட்ரென்கோ 2018 ஆகஸ்டில் நடத்தியதில் ஒருமுறை, முதல் இரண்டு நிமிடம் மட்டும் கேளுங்கள். ஆட்களில் பெரும்பாலோர் அவர்களேதான். வித்தியாசம் கேட்கவில்லையென்றால் குறை உங்கள் காதில் என்று நான் சொல்ல மாட்டேன்; சிலருக்கு இது பத்தாவது கச்சேரியில்தான் பிடிபடும்.

காசு கணக்காக இருந்தால், வாரத்தில் ஒரு நாள் மதியம் 1 மணிக்கு அரங்கின் முகப்புக் கூடத்தில் இலவசமாகச் சிறு கச்சேரி நடக்கும், பெரும்பாலும் நடத்துநர் கிடையாது, சிலர் சேர்ந்து வாசிப்பார்கள். பெரிய கச்சேரிக்கு, கோரஸ் தேவைப்படாத நாட்களில் மேடைக்குப் பின்னால் உள்ள பெஞ்சுகளை விற்பார்கள், போடியம் என்று கேளுங்கள். சாய்ந்துகொள்ள முதுகு கிடையாது, டிம்பானியும் டிராம்போனும் காதை அடைக்கும், ஆனால் நடத்துநரின் முகமும் இடது கையும் எங்களுக்குத் தெரிவதுபோலவே உங்களுக்கும் தெரியும். உங்கள் சந்தேகத்துக்கு அதைவிட நல்ல இடம் அந்த அரங்கில் இல்லை. பாடகர் இருக்கும் நிகழ்ச்சிக்கு மட்டும் அங்கே வாங்காதீர்கள். குரல் முழுக்க எதிர்ப்பக்கம் போய்விடும், உங்களுக்கு மிஞ்சுவது அவருடைய முதுகுதான்.